நாளொன்றுக்குப் பத்து ரூபாய்

டில்லியை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதியில் அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் உறுப்பினராக இருக்கும் ஒரு பெண், கடந்த ஆண்டு தன் தம்பியை மாவட்ட அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன்பு அழைத்துச் சென்றார். துணைக்கு நானும் சென்றிருந்தேன். தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. ஏழு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். அதற்கு முன் வாகன உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் லேத் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அன்று காலை அக்கா அவரைக் குளிக்க வைத்து, சவரம் செய்வித்து, இஸ்திரி போட்ட சட்டையை அணிவித்திருந்தார். டாக்டர் முன்னால் ஒழுங்காக உட்கார வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தம்பி ஒழுங்காகவே உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்றார்கள். நன்றாக இருக்கிறேன் என்றார். தானாகக் குளிப்பாயா? குளிப்பேன். வீட்டில் எல்லோரிடமும் பேசுவாயா? பேசுவேன். வேலை கிடைத்தால் போவாயா? நாளைக்கே போவேன். ஆறு நிமிடங்கள்கூட ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த சான்றிதழில் இயலாமையின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதியிருந்தது. அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழுக்குச் சட்டையோடு கூட்டிப் போயிருக்க வேண்டுமோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அப்படிக் கேட்க வைத்தவர்கள் யார், எந்தக் கொள்கை என்பதைச் சொல்ல முடியும். மனநலம் பாதிக்கப்பட்ட ஏழைக்கு இந்த நாட்டில் உதவி கிடைக்காமல் போவதற்கு மருத்துவரின் அவசரமோ, எழுத்தரின் அலட்சியமோ முதன்மைக் காரணம் அல்ல. உதவி பெறத் தகுதியானவர்களின் எண்ணிக்கையை எப்படியாவது குறைத்துக்காட்ட வேண்டும் என்று திட்டமிட்டே இந்த ஏற்பாடு கட்டப்பட்டிருக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் இயலாமைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே சட்டம் வேலைவாய்ப்பில் வழங்கிய 3 சதவீத இடஒதுக்கீடு பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்று பிரிவுகளோடு நின்றுவிட்டது. மனநோய் உள்ளவர் பட்டியலில் உண்டு, பந்தியில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் விளைவாக 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது 21 வகை இயலாமைகளை அங்கீகரித்தது. வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை இயலாமை ஆகியவை பகிர்ந்துகொள்ளட்டும் என்றது. 40 சதவீத இயலாமை உள்ளவர் சலுகைகளுக்கு உரியவர் என்று வரையறுத்தது. சமூகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களில் தரப்படுவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதம் கூடுதலாக உதவித்தொகை இருக்க வேண்டும் என்கிறது. தனியார் துறையைப் பெரும்பாலும் தொடாமல் விட்ட குறை இருந்தாலும், இது போராடிப் பெற்ற சட்டம். அதை நாம் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை.

இனி அரசின் கருவூலத்துக்கு வருவோம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கியது. இதன்படி ஒன்றிய அரசு மாதம் ரூ.300 தருகிறது. 2012 அக்டோபரில் 200 ரூபாயிலிருந்து 300 ஆனது. அதன் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நாளொன்றுக்குப் பத்து ரூபாய். அதைப் பெறுவதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இயலாமை 80 சதவீதம் இருக்க வேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 40 என்கிறது. அமைச்சகத்தின் திட்டம் 80 என்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் இந்த முரண்பாட்டைத் திருத்த எந்த அமைச்சருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்பது தவறு. வேறொரு இடத்தில் அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் பழைய முறையில் 40 சதவீத இயலாமைச் சான்று உள்ள ஒருவர் தம் வருமானத்தில் ரூ.75,000 கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமானால் ரூ.1,25,000. முப்பது சதவீத வரி செலுத்துபவருக்கு, 40 சதவீதச் சான்றின் பேரில் மட்டும் ஆண்டுக்கு ரூ.22,500 மிச்சமாகிறது. அதே 40 சதவீதச் சான்றை வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு ஒன்றிய அரசின் ஓய்வூதியம் சுழியம். அவர் 80ஐ எட்டினால் ஆண்டுக்கு ரூ.3,600. நடுத்தர வர்க்கத்து மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் வரிக்கழிவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் மருந்துச் செலவு உண்டு, அவருக்கும் அது உரிமை. ஆனால் ஒரே சான்றிதழ், வரி செலுத்துபவனிடம் 40இல் வேலை செய்கிறது, பட்டினி கிடப்பவனிடம் 80 வரை ஏறச் சொல்கிறது. இதற்குமேல் வர்க்க அரசு என்றால் என்னவென்று விளக்கக் கிளை வகுப்பு நடத்த வேண்டியதில்லை.

80 சதவீதம் என்பதன் பொருளையும் பார்க்க வேண்டும். மனநோயால் ஏற்படும் இயலாமையை அளக்க, இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் 2002இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளிலும் அது தொடர்ந்தது. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்னும் நான்கு துறைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி. நோய் நீடித்த காலத்துக்கு நான்கு புள்ளி. ஆக மொத்தம் 20. ஏழு புள்ளி வந்தால் 40 சதவீதம். பதினான்கைத் தொட்டால்தான் 70ஐத் தாண்டும். அளவுகோலை வகுத்த மருத்துவர்கள் மீது நமக்குப் பகை இல்லை. ஏதேனும் ஓர் அளவுகோல் இல்லாமல் சான்றிதழே கிடையாது. இது இல்லாதிருந்த காலத்தில் நிலைமை இதைவிட மோசம். ஆனால் அரசு அதன் மீது 80 என்ற பூட்டைத் தொங்கவிட்டதும் அது வேறொன்றாகிவிடுகிறது. 80ஐ எட்டும் மனிதர், தானாகக் குளிக்க இயலாதவர், பிறர் பேச்சைத் தொடர இயலாதவர், எந்த வேலையிலும் நிற்க இயலாதவர். அப்படிப்பட்டவர் இணையதளத்தில் விண்ணப்பம் பதிவேற்றி, கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை உள்ளிட்டு, குறித்த நாளில் குறித்த வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, தன் நோயைக் கோர்வையாக எடுத்துரைக்க வேண்டும். அவற்றையெல்லாம் செய்ய முடிந்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியம். காலில்லாதவரைப் பார்த்து மலையேறி வந்து கால் இல்லை என்று நிரூபி எனச் சொல்ல எந்த அரசும் கூசும். மனநோயாளியிடம் அதைச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

இன்னொன்றும் உண்டு. மனநோய் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மூன்று மாதம் தணியும், ஒரு மாதம் பொங்கும். மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் அடங்கும், மாவட்ட மருத்துவமனையில் மருந்து இருப்பு தீர்ந்தால் திரும்பும். மருத்துவக் குழு அவரைப் பார்க்கும் ஆறு நிமிடம் எந்த மாதத்தில் விழுகிறது என்பது சூதாட்டம். தணிந்திருக்கும் நாளில் போனால், உனக்கு ஒன்றுமில்லை. பொங்கியிருக்கும் நாளில் அவரை வீட்டைவிட்டு வெளியே அழைத்துவரவே முடியாது.

இந்த ஏற்ற இறக்கத்தையே காரணம் காட்டி உரிமையை மறுத்த வரலாறு நீதித்துறைக்குள்ளேயே நடந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு டில்லி நீதித்துறைப் பணித் தேர்வில் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ள ஒருவர் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்துத் தேர்ச்சி பெற்றார். அவருடைய இயலாமை நிரந்தரமானதல்ல என்று கூறி டில்லி உயர்நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு அவரை நிராகரித்தது. 2020இல் அதே உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் அமர்வு அந்த நிராகரிப்பை ரத்து செய்தது. வழக்கு அங்கும் முடியவில்லை; 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பின்னரே முடிந்தது. சட்டம் படித்து, நீதிபதித் தேர்வில் வென்ற ஒருவருக்கே தன் நோய் நோய்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்க உச்சநீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. லேத் தொழிலாளி எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அதே 2021 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரி ஒருவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. அவர் மீது தொடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால், அந்த நடத்தைக்காகத் தண்டிப்பது பாகுபாடு என்பது தீர்ப்பின் சாரம். மாற்றுப் பணிக்கு அனுப்பினாலும் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொன்னது. பணிக்காலத்தில் இயலாமை அடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்ற 20ஆவது பிரிவு அரசு நிறுவனங்கள் அனைத்துக்கும் பொருந்துவது. போக்குவரத்துக் கழகங்களிலும் மின்வாரியங்களிலும் வங்கிகளிலும் சங்கம் நடத்தும் நம் தோழர்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்து ஒரு நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறார்கள்? "குடித்துவிட்டு வருகிறான், அடிக்கடி விடுப்பு எடுக்கிறான்" என்று நிர்வாகம் கூறும்போது நாமும் தலையசைத்துவிட்டு வந்த சம்பவங்களை நான் அறிவேன். அவற்றில் ஒன்றில் தலையசைத்தவன் நானே.

போலிகள் நுழைந்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு வருவோம். 2024இல் ஆட்சிப் பணிப் பயிற்சி அதிகாரி ஒருவர் மீது இயலாமைச் சான்று தொடர்பாகப் புகார் கிளம்பியது. ஊடகங்கள் அதைக் கொண்டாடின. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், அவ்வாண்டு அக்டோபரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தியது. விண்ணப்பிக்க ஆதார் வேண்டும் என்றது. சான்றிதழ் வழங்க ஒரு மாதம் என்றிருந்த காலக்கெடுவை மூன்று மாதமாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவாகாத விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்றது. தாமதம் செய்தது அலுவலகம், செயலிழப்பது விண்ணப்பம்! அட்டைக்கு நிறமும் குறித்தது: 40க்குக் கீழே வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், 80ஐ எட்டினால் நீலம். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் திரியும், பெயர்கூடச் சொல்லத் தெரியாத மனநோயாளிக்கு ஆதார் எடுத்துக்கொடுப்பது யார் என்பதற்கு அந்த விதிகளில் விடை இல்லை.

போலிச் சான்றிதழ் இல்லையென்று நான் வாதாடவில்லை. பதவியும் பணமும் உள்ள இடத்தில் போலி முளைக்கும். ஆனால் மாதம் 300 ரூபாய்க்காகப் பைத்தியக்காரப் பட்டத்தைச் சுமக்க முன்வருபவர் இந்த நாட்டில் எவரும் இல்லை. அந்தச் சான்றிதழ் ஒருவர் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது, வாடகைக்கு வீடு கிடைக்காது. உண்மையான நோயாளிகளே அதை வாங்க அஞ்சி ஒதுங்குகிறார்கள் என்பதுதான் களத்தில் நாம் காண்பது. கணக்கும் அதையே காட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனநோயால் இயலாமை அடைந்தவர்களாகப் பதிவானோர் ஏறத்தாழ 7.2 லட்சம் பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்போ, வயதுவந்தோரில் 0.8 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநோய் இருப்பதாகக் கண்டது. நாடு முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் அறுபது லட்சத்துக்குக் குறையாது. எட்டில் ஒருவர்கூட அரசின் ஏட்டில் ஏறவில்லை. பிரச்சினை போலிகள் உள்ளே நுழைவதா, உண்மையானவர்கள் வெளியே நிற்பதா?

வெளியே நிற்பவர்களை உள்ளே விட்டால் என்னாகும் என்பது நிதியமைச்சகத்துக்குத் தெரியும். அண்மை ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகளில் இந்த மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு ரூ.290 கோடி. ஆளுக்கு ரூ.3,600 என்று வகுத்தால் எட்டு லட்சம் பேருக்குப் போதும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் 2.68 கோடிப் பேர். நூற்றுக்கு மூன்று பேருக்கு மட்டும் சோறு வடித்துவிட்டு, பந்திக்கு முன்னால் 80 சதவீதம் என்று காவல்காரனை நிறுத்துகிறார்கள். அளவுகோல் பணத்துக்கு ஏற்பக் குறுகுகிறதே தவிர, தேவைக்கு ஏற்பப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. இந்தத் தொகையை 2012இல் 300ஆக நிறுத்தியது காங்கிரஸ் ஆட்சி. அதை அங்கேயே உறைய வைத்தது பாஜக ஆட்சி. இதில் இரு தரப்புக்கும் இடையே நூலிழைகூட வேறுபாடில்லை. பிரதமர் 2015 டிசம்பரில் வானொலியில் ஒரு புதுப்பெயர் மட்டும் சூட்டினார்: 'திவ்யாங்', தெய்வீக உடல் படைத்தவர். தெய்வத்துக்கும் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்தான்.

பணமில்லை என்பது பொய். ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை ரூ.6,000 ஆக்கியிருக்கிறது. அங்குள்ள ஆட்சி பாஜகவின் கூட்டாளி, நமக்கு எதிரணி. ஆயினும் இதைச் சொல்லத்தான் வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி 2016இல் பொறுப்பேற்றபோது ரூ.600 ஆக இருந்த சமூக நல ஓய்வூதியம் ரூ.1,600 வரை உயர்த்தப்பட்டது; 2025 நவம்பர் முதல் ரூ.2,000. கடன் வாங்கும் வரம்பை ஒன்றிய அரசு நெரித்த காலத்தில் அங்கும் நிலுவை விழுந்தது, முதியவர்கள் அவதிப்பட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். மாநிலங்களால் ஓரளவு முடிகிறது. அவற்றைவிடப் பன்மடங்கு வரி வருவாய் உள்ள ஒன்றிய அரசால் முடியவில்லை என்றால் அது நிதிப் பற்றாக்குறையால் அல்ல, நவதாராளமயம் விதித்த கட்டளையால்.

பணம் மட்டுமா? அறிவுசார் குறைபாடு உள்ளவர் துணையாளுடன் சலுகைக் கட்டணத்தில் ரயிலில் செல்லலாம். மனநோய் அந்தப் பட்டியலில் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரையான மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ளிட்டோருக்கு உண்டு. அங்கும் மனநோய் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் வேறொரு பட்டியல்.

இவ்வளவுக்கும் நடுவில் ஆளும் வர்க்கம் மனநலத்தைப் பற்றி இப்போது அதிகமாகப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, 2023-24ஆம் ஆண்டுக்கானதில், முதன்முறையாக மனநலம் குறித்து விரிவாக எழுதியது. எதற்காக? மனநலம் குன்றினால் உற்பத்தித் திறன் குறையும் என்ற கவலைக்காக. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை அழைத்தால் பேசலாம். நல்லது, பயன்படுத்துங்கள், பிறருக்கும் சொல்லுங்கள். ஆனால் தொலைபேசியில் பேசியவர் அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வார் என்பது அந்த எண்ணின் எல்லைக்குள் வராது. 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு கூறியபடி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். அந்த முக்கால் மருத்துவர்தான் சிகிச்சையும் தர வேண்டும், சான்றிதழும் எழுத வேண்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பதும் அநியாயம்.

அரசு கைவிட்ட இடத்தில் நிற்பது குடும்பம். குடும்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஒரு பெண். முதலில் சொன்ன அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் கணக்கில் அவர் ஊழியரே அல்ல. மதிப்பூதியம் பெறும் தொண்டர். அந்த மதிப்பூதியத்தை ரூ.4,500 என்று 2018 அக்டோபரில் நிர்ணயித்ததோடு சரி. மேற்கொண்டு மாநில அரசு சேர்ப்பதை வைத்து அவர் தம்பிக்கு மாத்திரை வாங்குகிறார். அவர் பணிக்குச் செல்லும் நேரத்தில் தம்பி தெருவில் இறங்கிவிடாமல் வெளியே பூட்டுப் போட்டுச் செல்கிறார். சொல்லும்போது அவர் தலை குனிந்தது. எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களை அன்று ஊரே தூற்றியது. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது, சங்கிலிகள் அகற்றப்பட்டன. சங்கிலி போன வீட்டுக்கு ஓய்வூதியம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வருமானமும் இல்லாமல், பகல்நேரப் பராமரிப்பு இடமும் இல்லாமல் சங்கிலியை மட்டும் தடை செய்தால் அது பூட்டாக மாறி வீட்டுக்குள் வரும்.

இனி நம்மைப் பற்றி. மனநலம் என்றால் அது படித்த நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்குக் கவலை என்ற எண்ணம் நம் கிளைகளில் இன்னும் இருக்கிறது. "போராட்டத்துக்கு வந்தால் மனச்சோர்வு தானாகப் போய்விடும்" என்று மாவட்டப் பொறுப்பிலிருக்கும் தோழர் ஒருவர் மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. இன்னொரு வகையினர், முதலாளித்துவம் ஒழிந்தால் மனநோயும் ஒழியும், அதுவரை நிவாரணம் கேட்பது சீர்திருத்தவாதம் என்பார்கள். எட்டு மணி நேர வேலையையும் பிரசவ விடுப்பையும் அப்படி ஒத்திவைத்தோமா? பன்னிரண்டு மணி நேர வேலை, நிலையற்ற ஒப்பந்தம், கடன்காரரின் தொலைபேசி ஆகியவை மனிதர்களை நொறுக்குகின்றன என்பது உண்மை. மனச்சிதைவு போன்ற நோய்கள் எந்தச் சமூக அமைப்பிலும் வரக்கூடியவை என்பதும் உண்மை. இரண்டு வகையினருக்கும் மாத முதல் தேதியில் அரிசி வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. ஓய்வூதியத் தகுதி சட்டப்படி 40 சதவீதமாக வேண்டும். தொகை விலைவாசியோடு இணைக்கப்பட்டு, ஒரு மனிதர் பிழைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். குடும்பத்தின் வறுமையை அல்ல, அந்த நபரின் வருமானத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவக் குழு, நோயாளியின் ஆறு நிமிடப் பேச்சோடு நில்லாமல் பராமரிப்பவரிடம் தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பராமரிப்பவருக்குப் படி வேண்டும். ஆதார் இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ரயில் சலுகைக்கும் அறக்கட்டளைக் காப்பீட்டுக்கும் மனநோயைச் சேர்க்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் என்று ஒன்று உண்டு. நீண்டகால நோய்கள் 34 அதன் பட்டியலில் உள்ளன. மனச்சிதைவும் பிற கடும் மனநோய்களும் அவற்றில் அடக்கம். ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுபவர், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குரிய வேலையில் இருந்து, கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால் இதற்கு உரியவர். தொழிற்சங்கப் பொறுப்பாளர்களிலேயே பலருக்கு இது தெரியாது. நம் லேத் தொழிலாளிக்கும் இது கிடைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அவர் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்பது, அவர் நோயுற்று வேலையிழந்து ஓராண்டு கழிந்த பிறகு தெரியவந்தது. அப்போது அந்தக் கூடத்தில் நமக்குச் சங்கம் இல்லை.

மறுபரிசீலனை கோரி அக்கா மனுக் கொடுத்தார். இம்முறை கிளைத் தோழர்கள் இருவர் அமர்ந்து, ஏழு ஆண்டுகளில் அவர் எத்தனை நாள் வேலைக்குப் போனார், எத்தனை முறை காணாமல் போனார், எந்தெந்த மாதம் மருந்து கிடைக்கவில்லை, பூட்டு எப்போது வந்தது என்று மூன்று பக்கத்துக்கு எழுதி, அண்டை வீட்டார் நால்வரின் கையெழுத்தோடு இணைத்திருக்கிறார்கள். மருத்துவக் குழு வரும் புதன்கிழமை கூடுகிறது. காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும் என்பதால், வரிசையில் நிற்பதற்கு முறைவைத்து மூன்று பேர் போகிறோம். சட்டையை இஸ்திரி போடலாமா என்று அக்கா நேற்றும் கேட்டார். போடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.